ஆயிரத்துக்கு மேலே இருபத்துநாலு

எண்பதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை செய்தேன். தட்டெழுத்துக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மற்றவள் சாம்பல்தீவுக்காரி. மத்தியானத்தில் இருவரும் கதிரைகளை யன்னலோரம் இழுத்துப்போட்டு ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

அந்தர், இறாத்தல் என்ற பழைய நிறைகள் போய் கிலோ வந்திருந்த காலம் அது. பழைய கிளாக்கர்மார் அந்தரை விடமாட்டேன் என்று நின்றார்கள். அவர்களைத் திருத்தும் வேலையை யாரும் சொல்லாமலே நான் தலையில் போட்டுக்கொண்டேன். 'கிலோ என்றால் ஆயிரம்' என்று அடித்துச் சுவரில் ஒட்டினேன். யாராவது இறாத்தல் என்று வாயைத் திறந்தால் பேசாமல் சுவரைக் காட்டுவேன். அவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கொம்பியூட்டர் வந்தது. அதற்கு ஒருவர் போதும், மற்றவரை மாதமுடிவில் நிறுத்தவேண்டிவரும் என்று மனேச்சர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் உழைப்பென்றால் என்னுடையது மட்டும்தான். அவளுடைய தாய் ஒரு அரிசிக்கடை வைத்திருந்தா. அதனால் அந்த இடம் எனக்குத்தான் வரவேண்டும் என்று நான் எனக்குள்ளேயே தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

மிசினோடு வந்த பொடியன் எங்களைப் பழக்கினான். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், இடைவெளிக்கும் ஒரு பைட். இதற்குப் பத்துப் பத்தாக எண்ணத் தெரியாது, இரண்டிரண்டாகப் பெருக்கிக்கொண்டே போகும் என்றான். அப்படிப் போனால் சரியாக ஆயிரத்தில் நிற்காது, ஆயிரத்து இருபத்துநாலில்தான் நிற்கும். அதைத்தான் கிலோபைட் என்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிலோ எண்டால் ஆயிரம்தான். உங்கட மிசினுக்காக அதை மாத்த ஏலாது" என்றேன்.

சாம்பல்தீவுக்காரி கோபப்படவில்லை. அவளுடைய தாய் அரிசி விற்கும்போது சுண்டுப் பேணியை விளிம்போடு வழித்துத் தலைதட்டி அளப்பா; வயல்செய்யும் கமக்காரரிடம் வாங்கும்போது குவித்து அளப்பா. அந்தக் கடையில் வளர்ந்தவள் அவள்.

"அப்ப இது தலைதட்டின கிலோ இல்லை, குவிச்ச கிலோ. அப்பிடித்தானே?" என்று கேட்டாள்.

"ஓம், குவிச்சதுதான்" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் மனேச்சர் இருவரிடமும் ஒரே கணக்கைத் தந்தார். மிசின் எழுதிவைக்கும் தட்டு ஒன்று ஐந்நூறு கிலோபைட் கொள்ளும். சரக்கு விவரம் ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் எழுத்து. ஒரு தட்டில் எத்தனை பக்கம் அடங்கும்?

எனக்கு நேரே சுவரில் நான் ஒட்டிய தாள். இருநூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்தேன். அவள் இருநூற்றைம்பத்தாறு என்று எழுதினாள். அந்த ஆறு பக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஊரையெல்லாம் திருத்திவிட்டு நானே கிலோவைக் குவித்து அளப்பதா? கிளாக்கர்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிசின் அவள் பக்கம் நின்றது, மனேச்சரும் அவள் பக்கம் நின்றார்.

அந்த மாதம் முழுவதும் நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் கதிரைகள் யன்னலோரம்தான் இருந்தன. அதை மாற்றுவதென்றால் அவளிடம் வாய் திறந்து சொல்லவேண்டும். என் கடைசி நாள் மத்தியானமும் அவள் வழக்கம்போலத் தன் சோற்றுப் பெட்டியைத் திறந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். மலைபோலப் போட்டாள். நான் கரண்டியை வாங்கி, மேலே நின்ற சோற்றை வழித்து அவளுடைய பெட்டிக்குள்ளேயே தள்ளினேன்.

"எனக்குத் தலைதட்டியே போடும்" என்றேன்.

அவள் கரண்டியை என் கையிலிருந்து எடுத்து, வழித்ததையெல்லாம் திரும்பவும் குவித்தாள்.

"விக்கிறதுக்குத்தான் தலைதட்டுறது. சாப்பிடும்" என்றாள்.

ஒரு சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.