அத்தை வீட்டுக் குப்பைக்கூடை

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் குப்பை வண்டி வரத் தொடங்கிய வருடம், அத்தை மகளை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. காரணம், அவர்கள் வீட்டுக் குப்பைக்கூடை.

மக்குவதற்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று வீட்டுக்கு இரண்டு கூடை கொடுத்திருந்தார்கள். எங்கள் கூடைகள் நிரம்பி வழியும். அத்தை வீட்டுக் கூடைகளில் ஒன்றும் இருக்காது. கிழிந்த வலையில் பை முடைந்து அத்தை கடைக்குப் போவாள். உடைந்த ஐஸ் பெட்டியில் கீரை போட்டிருந்தாள். காய்த்தோலெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. "இந்த ஊட்டப் பாத்துக் கத்துக்கோங்க" என்று வண்டிக்கார அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். உடனே அத்தை மகள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பள்ளியிலும் அவளையே முன்னால் நிறுத்திக் கைதட்டினார்கள்.

மாமா படகிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து யாரும் அந்த வீட்டிலிருந்து கடலுக்குப் போகவில்லை. தங்கச்சிக்கென்று நைனா கொடுத்தனுப்பிய மீனை, "நாங்க இன்னா பிச்சையா எடுக்குறோம்?" என்று அத்தை திருப்பியனுப்பிவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டு மீன்கழிவை மட்டும் வாளியோடு வந்து கேட்டு வாங்கிப் போவாள்.

"தென்னைக்குப் போடணும் அண்ணி."

எங்கள் குப்பையை வைத்தே பெயர் வாங்குகிறாள் என்று நான் பொருமினேன். அம்மாவும் அதற்கு உடந்தை. செவுளை ஒட்டிக் கச்சிதமாக அறுக்கிறவள், இப்போதெல்லாம் கொடுவா மீன் தலையைக் கால்வாசி உடம்போடு சேர்த்து அறுத்து வாளியில் போட்டாள். அம்மாவுக்குக் கைப்பழக்கம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஒருநாள் எங்கள் முருங்கையடியில் நானே குழி தோண்டினேன். "தலையெல்லாம் இதுல போடும்மா. நம்ம குப்பையில நம்மளே பேரு வாங்கலாம்."

"அது உங்க அத்தைக்கு. குழிய மூடுடி" என்றாள் அம்மா.

பெற்ற மகளைவிட நாத்தனாரா பெரிது? அழுதேன். அத்தை வந்தாள், வாளியை முந்தானையால் மூடி எடுத்துப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் போய் அவர்கள் தென்னையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மண் கிளறியிருக்கவில்லை. ஓர் ஈ இல்லை, ஒரு பூனை இல்லை. கழிவைப் போடாமலே பெயர் வாங்குகிறார்களே என்று இன்னும் எரிந்தது.

அப்போது அத்தை வீட்டு அடுப்படியிலிருந்து மீன்குழம்பு மணத்தது. எங்கள் வீட்டுக் குழம்பைவிட நல்ல மணம். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.