இடக்கைக்காரரின் கத்தி

செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் வந்து, பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் நிற்கிறேன். கண்ணாடி அலமாரியில் இருக்கும் மடக்குக் கத்திகள் எல்லாம் புதுசு. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துரு ஏற்றியிருக்கிறார்கள். இருபது வருடமாகச் சேர்க்கிற என்னிடம் இது நடக்காது.

"உண்மையிலேயே பழசு இருந்தா காட்டுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைக்கிறார். கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை விரிக்கிறேன். டக்கென்று நிற்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இதை வச்சிருந்தவர் இடக்கைக்காரர். இந்தப் பக்கம் மட்டும் எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. வலது கையால தீட்டினா இப்படித் தேயாது."

அவர் முகம் மாறுகிறது.

"எங்க நைனா பீச்சாங்கைதான் சார். வூட்டுப் பரண்ல கெடந்த டப்பா இது. நானும் வாங்குன கத்தியெல்லாம் இதுலயே போட்டுகினு வந்தேன். எது யார்துன்னு தெரியல."

என் கையிலிருந்து கத்தியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். நல்ல கத்தி. என் வாயாலேயே போயிற்று.

"வேற எது வோணுமோ எடுத்துக்க சார். ஆனா அது யார்துன்னு மட்டும் சொல்லாத."

டப்பாவிலிருந்து பித்தளைப் பிடி போட்ட ஒன்றை எடுத்து விரிக்கிறேன். இதுவும் அதே பக்கம்தான் தேய்ந்திருக்கிறது.

மடக்குகிறேன்.

"இதைக் கட்டிக் கொடுங்க."