மூன்று மொழியில் பட்ட அவமானங்கள்

மற்ற தொழிலில் தப்பு நடந்தால் ஒரு தடவை நடக்கும். அச்சுத் தொழிலில் அதே தப்பு ஆயிரம் பிரதியாக நடந்து, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும்.

புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது என் வேலை. எங்கள் ஊரில் ஒரே தாளில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் வரும். ஆனால் எல்லா எழுத்தும் உள்ள ஃபான்ட் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. இந்த மொழிக்கு இந்த ஃபான்ட் என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். விட்டுப்போனால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் விழும். சில சமயம் அதுகூட விழாது. போனில் வந்த செய்தியைத் திறந்து, கட்டம் கட்டமாகப் பார்த்து முழித்திருக்கிறீர்களா? நீங்களும் நம்ம கட்சிதான். என்ன, நீங்கள் அதைப் படித்தவர். நான் அதை அச்சடித்தவள்.

இளைத்த மாப்பிள்ளை

பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று கல்யாணப் பத்திரிகைக்கு வந்தது. பெண்ணின் தாய்மாமன்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். "எழுத்து நல்லா தடியா, கெத்தா இருக்கணும்மா" என்றார். தேடிப் பிடித்து ஒரு ஃபான்ட் போட்டேன். அதில் ஜ, ஷ இல்லை என்பது எனக்குத் தெரியாது. இல்லாத எழுத்தைச் சாஃப்ட்வேரே வேறொரு ஒல்லி ஃபான்ட்டிலிருந்து கடன் வாங்கிக்கொண்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை பெயர் ராஜேஷ். 'ரா' மட்டும் பயில்வான் மாதிரி நிற்க, 'ஜேஷ்' அதன் பின்னால் நோஞ்சானாக ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமன் பத்திரிகையைக் கையில் எடுத்து நீட்டிப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் முதலாளி அவசரமாக டீ சொன்னார். மாமன் டீயைத் தொடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, எங்க மாப்ளைக்கு பாதி ஒடம்பு மட்டும் எளச்சிப்போச்சா?"

தொப்பி

வீராம்பட்டினத்து மீனவர் சங்கம் ஒன்றுக்குப் பிரான்சிலிருந்து சிலர் வந்து ஐஸ் பெட்டிகள் கொடுப்பதாக இருந்தது. 'மீனவர்கள் உங்களை வரவேற்கிறோம்' என்று பிரெஞ்சில் பேனர் செய்யச் சொன்னார்கள். பிரெஞ்சில் மீனவர் என்ற சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு குறி வரும். நான் ஆசைப்பட்டுப் போட்ட அலங்கார ஃபான்ட்டில் அந்தத் தொப்பி இல்லை. சாய்ந்த கோடு போட்ட எழுத்துதான் இருந்தது. தலையில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி என்று அதையே வைத்துவிட்டேன்.

என் பேனரைப் பார்க்க நானே போயிருந்தேன். என் புத்தியை என்ன சொல்வது! வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மொழிபெயர்க்க வந்த பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்: "அக்கா, தொப்பி வச்சாதான் மீனவர். கோடு போட்டா பாவின்னு அர்த்தம். பாவிகள் உங்களை வரவேற்கிறோம்னு இருக்கு." பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர் காதில் அது விழுந்துவிட்டது. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவால்ல வுடும்மா, பொய்யி ஒண்ணும் இல்ல. ஆனா கடலுக்குப் போவாத பாவிங்களும் ஊர்ல இருக்காங்க, அவங்களையும் சேத்திருக்கலாம்."

கருங்கல்

கனகசெட்டிக்குளத்தில் ஒரு சமுதாயக்கூடத்துக்குக் கல்வெட்டு. எழுத்தை அமைத்துக் கல் வெட்டுபவருக்கு அனுப்பினேன். ஃபைலோடு ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகள் பிரிந்து, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு சின்ன வட்டம் வேறு. பட்டறைக்கு நான் போனபோது அதை அப்படியே வெட்டி முடித்து, கல்லைக் கழுவித் துடைத்து, பளபளவென்று சாத்தியிருந்தார். ஒரு புள்ளி சிதறவில்லை. அவ்வளவு அக்கறையாக வேலை செய்தவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் புள்ளிங்கதாம்மா உயிர வாங்கிடுச்சி. ஏதோ பிரெஞ்சு எழுத்துன்னு நெனச்சில்ல பாத்துப் பாத்து வெட்டினேன்."

காலி இடம்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கோரிமேட்டில், அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும் நோயாளிகளுக்கு உதவுகிற ஒரு சின்ன அறக்கட்டளை இருக்கிறது. மாத்திரை சாப்பிடும் முறையை விளக்கி ஒரு துண்டுத்தாள் கேட்டார்கள். 'முதல் வாரம் காலையில் ½ மாத்திரை' என்று எழுதித் தந்ததை அப்படியே ஒட்டினேன். என் தமிழ் ஃபான்ட்டில் அந்த அரைக் குறி இல்லை. கட்டம்கூட விழவில்லை. கொஞ்சம் காலி இடம், அவ்வளவுதான். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன். காலி இடத்தை யார் படிப்பார்கள்?

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், மனைவிக்கு முழு மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கொல்லையில் மயங்கி விழ, திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்து நான் போனபோது மிச்சத் தாள்களை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பேனாவால் 'அரை' என்று எழுதினேன். எந்தத் தமிழ் ஃபான்ட்டிலும் இருக்கிற இரண்டே எழுத்து.

எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணவர் வந்தார். இவங்கதான் அச்சடிச்சவங்க என்று யாரோ காட்டினார்கள். திட்டுவார் என்று எழுந்து நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. தன் சட்டைப்பையிலிருந்த தாளைப் பிரித்துக் காட்டிச் சொன்னார்: "காலையில மாத்திரைன்னு இருந்துச்சி, அதத்தான் குடுத்தேன். பாதின்னு போட்டிருந்தா பாதிதான்மா குடுத்திருப்பேன்."

ஒரு பெயர்

அதற்குப் பிறகு எந்தத் தாளானாலும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துத்தான் விடுகிறேன். போன மாதம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் நினைவு அட்டை. இறந்தவர் பெயர் பிரான்சுவா. பிரெஞ்சில் எழுதினால் நடுவில் ஓர் எழுத்துக்கு அடியில் சின்ன வால் இருக்கும். அது உள்ள ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து, தமிழோடு உயரம் பொருத்தி, அச்சடித்துப் பார்த்து, மறுபடியும் பார்த்துக் கொடுத்தேன். அவர் மனைவி அட்டையை வாங்கிப் படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "பேரு சரியா வந்திருக்குங்களாம்மா?" என்று கேட்டேன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். துக்க வீட்டுக்காரியிடம் பாராட்டு கேட்டு நின்ற ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மா வியப்பாகப் பார்த்தார். "அவரு பேரு அப்படித்தானேம்மா இருக்கணும்?"

சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாமலும், தப்பாகச் செய்தால் யார் கண்ணை விட்டும் போகாமலும் இருக்கிற ஒரு வேலையில்தான் நான் சோறு தின்கிறேன்.