குவியலுக்குள் போன கை

அந்த அம்மாவின் வலது கை முழங்கை வரைக்கும் கறுத்திருக்கும். திருவாலங்காட்டில் என் உரக்கடைக்கு சூப்பர் பாஸ்பேட் வாங்க வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

அந்த வருஷம் சர்க்கரை ஆலையிலிருந்து, சாறு வடித்த கசடு டிராக்டர் டிராக்டராக எங்கள் பக்கம் வந்து இறங்கியது. எல்லோரும் வந்த சூட்டோடு அதை உழவுச் சாலில் கொட்டி, கரும்பின் விதைக்கரணைத் துண்டுகளை நட்டார்கள். இவர் மட்டும் கசடோடு சூப்பரைக் கலந்து, வரப்போரம் குவித்து, காய்ந்த கரும்புச் சோகையால் மூடிவிட்டார். தினமும் காலையில் குவியலுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். குப்பையைக் கும்பிடுகிறார் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

"இன்னாமா, பட்டம் போய்க்கினே இருக்குது. எப்பதான் நடப்போறீங்க?" என்று கேட்டேன்.

"உன் ஊட்ல கொழந்தைக்கு தண்ணி எப்டி ஊத்துவ? கைக்கு ஒத்துக்கினாதான ஊத்துவ? கரணைக்கும் அப்டித்தான் நைனா."

கை ஒத்துக்கொண்ட அன்றைக்குத்தான் நட்டார். அதற்குள் மற்றவர்களின் சாலில் கசட்டுச் சூட்டில் கரணைகள் வெந்து, பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. இவர் நிலத்தில் ஓர் இடம் விடாமல் முளைத்து, ஆள் மறையும் உயரத்துக்குக் கரும்பு நின்றது.

இப்போது கசடு வந்து இறங்கினால், சிரித்தவர்களே பைக்கில் வந்து அவரைக் கூட்டிப் போகிறார்கள். அவர் கை வைத்து, "ம், இப்ப நட்டுக்குங்க" என்று சொல்லும்வரை ஒருவரும் நிலத்தில் இறங்குவதில்லை.

போன வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் நானும் ஒரு புதுக் குவியலுக்குள் கையை விட்டேன். சூடு பொறுக்காமல் பத்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.