முதலில் வாங்கிய கையெழுத்து

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுப்பதும், உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று குறிப்பதும்தான் வேலை. அதற்கு மேல் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிளினிக்கல் பார்மசியில் முதுநிலைப் படிப்பை ஆன்லைனிலேயே படிக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான்.

“ஏட்டி, காலம் பூரா மாத்திரை அட்டையை வெட்டிக் குடுத்துக்கிட்டே இருக்கப் போறோமா? சேந்து படிப்போம். வார்டுக்குள்ள போகலாம்லா” என்றாள்.

வார்டுக்குள் போவது என்ற அந்தச் சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிடும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கிற வேலை. இருவரும் சேர்ந்தோம். விடியுமுன் சுப்ஹு தொழுததும் அடுப்பில் உலையை வைத்துவிட்டு, போனை அரிசி டின் மேல் சாய்த்து வகுப்புகளைக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரே லேப்டாப்பின் முன்னால் இருவரும் உட்கார்ந்து படிப்போம். அவளுக்குப் புரியாததை நான் சொல்லித் தருவேன். ஆங்கிலத்தில் பேச எனக்கு வரும் கூச்சத்தை அவள் கிண்டல் செய்தே போக்கினாள்.

இரண்டாவது பருவத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தான் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதி அனுப்ப வேண்டும். அந்தச் சமயத்தில்தான் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு அண்ணாச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. கைகளில் திட்டுத்திட்டாக நீலம். மாத்திரையைக் கூடுதலாகப் போட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மனைவி, “என் கையாலதான் எண்ணிக் குடுக்கேன்” என்று அழுதுகொண்டிருந்தார்.

இதய டாக்டரிடம் அனுமதி கேட்டு நான் போய் உட்கார்ந்தேன். எல்லா மாத்திரைகளையும் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. எழுந்திருக்கப் போகும்போது, “மாத்திரை இல்லாம, தடவுறது, கொப்பளிக்கிறது ஏதாச்சும் உண்டாம்மா?” என்றேன்.

அவர் மனைவி மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு சிறு ட்யூபை எடுத்தார். “வாயெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு புண்ணாக் கெடக்குன்னு இதத் தடவுதாவ. இது மருந்து இல்லையே, களிம்புதான?”

பூஞ்சைத் தொற்றுக்கான களிம்பு. வாயில் தடவினாலும் அந்த மாத்திரையின் வேகத்தைப் பல மடங்கு ஏற்றிவிடக்கூடியது. வகுப்பில் அது ஒரே ஒரு வரியாக வந்திருந்தது. களிம்பை நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்ததில் சில நாட்களில் அவர் தேறினார். டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். நோயாளி சம்மதித்துக் கையெழுத்திட்ட படிவத்தையும் இணைக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போன அன்று நான் விடுப்பில் இருந்தேன். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா அப்போது எழுதவே ஆரம்பிக்கவில்லை. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். “எப்படி எழுதணும்னு ஒரு மாதிரிக்குப் பாத்துக்கிடுதேன், குடு பிள்ள” என்றாள். நான் யோசிக்காமல் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

கடைசி நாளில், கையெழுத்துப் பின்னால் வரும் என்ற குறிப்போடு என் கட்டுரையைச் சமர்ப்பித்தேன். சில நாட்களில் மின்னஞ்சல் வந்தது. என் கட்டுரை இன்னொரு மாணவர் ஏற்கெனவே கொடுத்ததோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது. ஒரு வாரத்துக்குள் சம்மதப் படிவத்தை அனுப்ப வேண்டும். நான் அதை முதலில் காட்டியது அக்காவிடம்தான்.

“கம்ப்யூட்டர் தப்பாக் காட்டும். பயப்படாத” என்று தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாளே ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சியின் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். படிவத்தை நீட்டியதும் அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“இதத்தான் முன்னமே போட்டுக் குடுத்தாச்சே.”

“யார்ட்ட அண்ணாச்சி?”

“உங்க கூட மருந்து குடுக்குத அந்தம்மாட்ட. வீடு தேடி வந்தாவ. நீங்கதான் அனுப்புனியன்னு சொன்னாவ.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தப்பாப் போட்டுட்டேனாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி” என்றேன். அவர் என் படிவத்திலும் அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரத்தப் பரிசோதனைக்கு நாள் தள்ளிப்போயிருந்ததைக் கவனித்து, அந்த வாரமே போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை அவளுக்காக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் வாங்கி வைத்திருப்பாளோ, கொடுக்க மறந்திருப்பாளோ என்றுகூட நினைத்தேன். முந்தின நாள் அந்தத் தேநீரை ஊற்றிக் கொடுத்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை ஸ்டோர் அறையில் கேட்டேன். அவள் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

“நீ நல்லாப் படிக்கிறவ. இன்னொண்ணு எழுதிருவ. எனக்கு இத விட்டா படிப்பே போச்சு” என்றாள்.

“கேட்டிருந்தா நானே ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பேனே, அக்கா.”

“கேக்கதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

கேட்கக் கூச்சப்பட்டவள் என் பெயரைச் சொல்லி ஒரு நோயாளியின் வீட்டுக்குள் போயிருக்கிறாள். அதற்கு அவளுக்குக் கூச்சமில்லை.

நடந்ததை எழுதித் தரும்படி இதய டாக்டரிடம் போய் நின்றேன். “ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்மா. இதுல என்னை இழுக்காதீங்க” என்றார். நோயாளியிடம் விசாரித்தது யார் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மருத்துவமனையில் இல்லை. என் விளக்கத்தை மட்டும் அனுப்பினேன். அவளுடைய கையெழுத்தின் தேதி முந்தியது. கட்டுரையும் முந்தி வந்தது. பல்கலைக்கழகம் அதன்படி முடிவெடுத்தது. எனக்குச் சுழியம். அடுத்த பருவத்தில் வேறொரு நோயாளியைப் பற்றி எழுதலாம் என்று அனுமதித்தார்கள்.

பாபநாசத்திலிருந்து வந்த ஒரு சர்க்கரை நோயாளியைப் பற்றி எழுதித் தேறினேன். என் சான்றிதழ் வந்து சேர்வதற்குள் வார்டு மருந்தாளுநர் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளிடம் சான்றிதழ் இருந்தது. அண்ணாச்சியைப் பற்றிய கட்டுரையும் இருந்தது. நேர்காணலில் டாக்டரும் உட்கார்ந்திருந்தார்.

நான் மருந்தகத்திலேயே இருக்கிறேன். இரண்டு முறை வார்டிலிருந்து போன் செய்து, ஒரு மருந்தின் அளவைப் பற்றிச் சந்தேகம் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு நோயாளி படுத்திருக்கிறார் என்பதால் பதில் சொன்னேன். இரண்டு முறையும் நன்றி சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் போனை வைத்துவிட்டேன்.