விமான நிலையச் சாலையில் ஒரு முப்பது

விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எங்கள் ஊரில் இறங்குகிறவர்கள் அதிலும் தனி ரகம். பறந்த மிதப்பு தரைக்கு வந்தும் தெளியாது. வாசலைத் தாண்டியதுமே டிரைவரை விரட்டுவார்கள். அப்படி என்ன தலைபோகிற அவசரம்? கடற்கரையில் நின்று படம் எடுக்க வேண்டும். கடல் எங்காவது ஓடிவிடப் போகிறதா?

அந்தச் சாலையில், கருவடிக்குப்பம் பக்கம் எங்கள் வீடு. எதிரே பால் பூத். என் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சாலையைக் கடக்க நேரம் பிடிக்கும். நான் போகிறேன் என்றால் கேட்கமாட்டாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். ஒருநாள் ஒரு கார் அவள் புடவையை உரசிக்கொண்டு போனது. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு. வேகக் கட்டுப்பாட்டு போர்டு வைக்கச் சொல்லி மனு எழுதினேன், நடையாய் நடந்தேன். போர்டை எவன் பார்க்கிறான் என்று கேட்டார் ஓர் அதிகாரி. ஒருவழியாகச் சிவப்பு வளையத்துக்குள் முப்பது வந்தது. சில டிரைவர்கள் வேகத்தைக் குறைக்கவும் செய்தார்கள்.

அப்புறம் பேனர்காரர்கள் வந்தார்கள். கம்பத்தைக் கண்டால் எங்கள் ஊர்க்காரனுக்குக் கை சும்மா இருக்காது. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எதையாவது முப்பதின் மேல் கட்டிவிடுவான். நானே கத்தியோடு போய்க் கயிற்றை அறுப்பேன். மூஞ்சியைக் காட்ட அலையும் ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே அறுப்பேன்.

போன தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பேனர் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மச்சான் என் படம் கேட்டார். மூன்று படங்களைப் பார்த்து, முடி அதிகமாகத் தெரிகிற ஒன்றைக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வீடு முழுக்க உறவுக்காரர்கள். காபிக்குப் பால் தீர்ந்து, மனைவி பூத்துக்குப் போனாள். வெளியே பிரேக் சத்தம் கேட்டது. ஓடினேன். நடுச் சாலையில் உட்கார்ந்திருந்தாள். அடி இல்லை, பால் பாக்கெட் உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து வந்த கார், அவள் முட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. டிரைவரின் சட்டையைப் பிடித்து, போர்டைப் பார்க்கத் தெரியாதா என்று கத்தினேன். வெளியூர்க்காரன், சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"போர்டு எங்க சார் இருக்கு?"

திரும்பிக் கையைக் காட்டினேன். முப்பது இருந்த இடத்தில், அனைவரையும் வரவேற்று, கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன் நான்.

மனைவி தரையிலிருந்தே அதை அண்ணாந்து பார்த்தாள்.

"போயி அந்தக் கத்திய எடுத்துட்டு வாங்க" என்றாள்.