ஒரு பிடி சிமெண்ட்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் டிரெய்னியாக இருந்தேன். கட்டுமானத்தில் பட்டப்படிப்பு, அதோடு சேர்ந்த வேலைப் பயிற்சி. வாரநாள் முழுக்க சைட், சனிக்கிழமை வகுப்பு. ஹெல்மெட் என் தலையைவிடப் பெரிது, குனிந்தால் கண்ணை மறைக்கும். கோபமோ எனக்கு மூக்குக்கு மேல் வரும். "பாப்பா" என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் முதல் மாதமே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேர்ந்தது.

அதே கட்டடத்தில் அப்பா ஒரு வீடு பதிவு செய்திருந்தார். திருநெல்வேலிக்காரர், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். "என் பிள்ள கட்டுத வீடு" என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும். இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றும் இருக்கும்.

என் வேலைகளில் ஒன்று கியூப் போடுவது, அதாவது சோதனைக்கான கான்கிரீட் கட்டி வார்ப்பது. தூணுக்குக் கொட்டும் கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் அள்ளி, இரும்பு அச்சில் நிரப்பி, கம்பியால் நன்றாகக் குத்தி, இறுகியதும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நான்கு வாரம் கழித்து அதை மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அதை வைத்துத் தூணின் பலத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அச்சை நிரப்பும்போது ஒரு பிடி சிமெண்ட்டைக் கூடுதலாகக் கலந்துவிடுவார்கள். "கியூபுக்கு ஊட்றது" என்று அதற்குப் பெயர். யாரும் அதைத் திருட்டாக நினைக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடுகிற மாதிரி செய்தார்கள்.

தரைத்தளத் தூண்களுக்குக் கான்கிரீட் போட்ட அன்று கலவை லாரி குமணன்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டது. வந்து சேர்ந்தபோது கலவை இறுகியிருந்தது. சைட் இன்ஜினியர் அதற்குள் குழாயைப் போட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். தண்ணீர் கூடினால் கான்கிரீட் பலம் இழக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல.

"சார், லாரியத் திருப்பி அனுப்பிடலாம்" என்றேன்.

"அனுச்சா இன்னிக்கி வேலயே ஓடாது. வுடும்மா, கியூபுக்கு நல்லா ஊட்டிக்கலாம்."

நான் ஊட்டவில்லை. தண்ணீர் விட்டபின் வந்த கலவையை அப்படியே அள்ளி நிரப்பினேன்.

நான்கு வாரத்தில் மேலே ஒரு தளம் எழும்பிவிட்டது. அப்போதுதான் கியூப்கள் தாங்க வேண்டிய பாரத்துக்கு முன்பே நசுங்கிப்போன செய்தி வந்தது. இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை, டீ வாங்கிக்கொடுத்தார்.

"டிரெய்னி கியூப சரியாக் குத்தலன்னு சொல்லிடலாம்மா, தூணு மேல பழி வராது. பழகுற கைதான, யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. உன் மார்க்குக்கு நான் பொறுப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க ஊடும் இங்கதான கீது? வேல நின்னுச்சுன்னா நைனா எங்க போவாரு, சொல்லு."

அப்பாவைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால், அந்தத் தூண்களுக்கு மேலே அப்பா தூங்குவார் என்பது மட்டுமே மனதில் ஓடியது.

"நான் நல்லாத்தான் குத்தினேன் சார். தூணையே துளைச்சு ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சுப் பாருங்க" என்றேன். கட்டடத்தை வடிவமைத்தவர் பார்க்க வந்தபோது அவரிடமும் அதையே சொன்னேன்.

துளைத்துப் பார்த்தார்கள். தூணும் தேறவில்லை. மேலே போட்ட தளத்தையும் சேர்த்து இடித்தார்கள். இன்ஜினியரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனிதர்தான், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கட்டடம் பாதியில் நிற்க, அப்பா ஓய்வு பெற்றார். மாலையும் சால்வையுமாக வந்தவர் மறுவாரம் கள்ளிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பீரோ படிக்கட்டில் திரும்பவில்லை, கீழேயே விட்டுவிட்டோம். "ஊர்ல இல்லாத உத்தமி" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். குவார்ட்டர்ஸ் ஆட்கள் அப்பாவிடம் போனில் வீடு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், "நடக்குது" என்பார். என் பிள்ளை கட்டுகிற வீடு என்று அவர் சொல்வது நின்றுபோயிருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது கையை நிறுத்திக் கேட்டார்.

"ஏட்டி, அந்தத் தூணு மேல நம்ம வீடு இல்ல, வேற யாரு வீடோன்னு வச்சுக்கோ. அப்பவும் சொல்லியிருப்பியா?"

"இது என்னப்பா கேள்வி? கண்டிப்பா சொல்லியிருப்பேன்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. அத்தனை நாளும் அதைத்தான் மென்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது. "அப்ப சரி" என்று சொல்லி மோர் கேட்டார்.

மோர் ஊற்றினேன். வேறு யாருடைய வீடாகவோ இருந்திருந்தால், அன்று அந்த டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டியிருப்பேனோ என்ற பயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை.